கொயினை விழுங்கும் கார் வோஷ் பெட்டிக்கு பாட்ஸ் எங்கே தேடுவது?

கல்லடியில் சேர்விஸ் ஸ்டேசன் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணன், ஐரோப்பாவில் பாவித்த செல்ஃப் சேர்விஸ் கார் வோஷ் பெட்டி இரண்டு இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் கொயின் போட்டால் விழுங்குது, நேரம் ஓடுதில்ல. மற்றதில் டிஸ்பிளேயே இல்ல, செத்துப்போய்க் கிடக்கு. விற்ற ஆக்கள் பாட்ஸ் வராது, முழுப் பெட்டியையும் மாத்துங்க என்கிறாங்க. கொழும்பில நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்தாச்சு, கார் வோஷ் மெசின் பாட்ஸ் என்றதும் சிரிக்கிறாங்க. எங்கே எடுக்கலாம்?"

தம்பி, கடைக்காரர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. கார் வோஷ் பாட்ஸ் என்று ஒரு சாமான் கடையில் கிடையாது. உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். காசு வாங்கும் தலை ஒரு கொம்பனி செய்தது, அதே தலை சிறுவர் விளையாட்டு மெசினிலும் குளிர்பான மெசினிலும் இருக்கும். பவர் சப்ளை வேறொருவர் செய்தது, அது சிசிடிவி பூட்டுபவரிடம் இருக்கும். பம்பைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே இன்னொருவர் செய்தது. உங்களுக்கு விற்றவர்களோ அவர்களுக்கு முன் விற்றவர்களோ செய்தது இரும்புப் பெட்டியும் வயரிங்கும் முன்னால் ஒட்டிய ஸ்டிக்கரும்தான், சில வேளை நேரத்தை எண்ணும் டைமர் போர்டும். ஆகவே மெசினின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பழுதான துண்டின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைச் சொல்லித் தேடுங்கள்.

நான் கல்முனைப் பக்கம் ஆர்ஓ தண்ணீர் விற்கும் மெசின், விளையாட்டு மெசின், மில் பனல் எல்லாம் பார்க்கிறவன். பெட்டி எதுவானாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே சாமான்கள்தான்.

பாட்ஸ் தேடுவதற்கு முன், எது செத்தது என்று பிரித்து அறிய வேண்டும். அதற்கும் முன் ஒன்று: ஈரத் தரையில் நின்றுகொண்டு 230 வோல்ட் பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள். மெயினை நிறுத்திப் பூட்டிவிட்டு, காய்ந்த பலகையில் செருப்போடு நில்லுங்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் கரண்டை நிறுத்திய பிறகும் 300 வோல்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும், கையை விட்டுப் பார்க்க வேண்டாம். அந்த இரண்டு பெட்டிக்கும் 30 மில்லி அம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச்) இல்லையென்றால் பாட்ஸ் தேடுவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் பூட்டுங்கள். எர்த் கம்பியையும் பாருங்கள், கடற்கரை மண்ணில் பழைய எர்த் கம்பி உப்பில் தின்றுபோய், மேலே கிளாம்ப் மட்டும் அழகாக நிற்பதை நிறையக் கண்டிருக்கிறேன்.

சரி, முதல் பெட்டி. கொயின் போகிறது, நேரம் ஓடவில்லை. கொயின் எடுக்கும் தலைக்கும் டைமர் போர்டுக்கும் இடையில் போகும் வயர்களைப் பாருங்கள். மூன்று, நான்கு வயர்தான் என்றால் அது பெரும்பாலும் பல்ஸ் வகை. வழமையாக சிவப்பு 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளை சிக்னல், சாம்பல் நிறம் கவுண்டருக்கு. நிறத்தை நம்பி வேலை செய்யாமல் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வகை பேசும் பாஷை மிக எளிது: கொயின் சரி என்றால் சிக்னல் வயரை ஒரு கணம் கிரவுண்டோடு சேர்த்து விடும், அவ்வளவுதான். டைமர் அந்தத் தட்டல்களை எண்ணி நேரம் கொடுக்கும்.

ஆகவே சோதனையும் எளிது. சிக்னல் முனையில் 5 அல்லது 12 வோல்ட் டிசிதான் இருக்கிறது என்று மீட்டரில் பார்த்த பிறகு, தலையின் சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த முனையை ஒரு துண்டு வயரால் கிரவுண்டில் டக்கென்று தொட்டு எடுங்கள். டிஸ்பிளேயில் நேரம் ஏறினால் போர்ட் நல்லது, தலைதான் பிரச்சினை. ஏறாவிட்டால் போர்டில் அந்த நுழைவாயிலில் சிக்னலை வெளிச்சத்தால் உள்ளே கடத்தும் ஆப்டோகப்ளர் போயிருக்கலாம். நாலு கால் உள்ள சின்னக் கறுப்புத் துண்டு, பிசி 817 என்று எழுதியிருக்கும், டிவி திருத்துகிற எல்லோரிடமும் பழைய போர்டுகளில் கிடக்கும். கார் கழுவும் இடம் ஒன்று அந்தச் சின்னத் துண்டால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கலாம்.

தலைதான் பிரச்சினை என்றாலும் உடனே வாங்க ஓடாதீர்கள். பாதிக்கு மேல் அழுக்குதான். கல்லடியில் கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், கச்சான் காற்றுக் காலத்தில் மணல் வேறு. கொயின் உருளும் பாதையில் சின்னச் சென்சர்கள் இருக்கும், அவற்றின் மேல் சவர்க்காரப் படலமும் மணலும் படிந்தால் நல்ல கொயினையே கள்ளக் கொயின் என்று நினைக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பஞ்சைத் தோய்த்துத் துடையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயோ எண்ணெயோ அங்கே அடிக்க வேண்டாம், இரண்டு நாள் நன்றாக வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் இரண்டு மடங்கு மணலைப் பிடித்துக்கொள்ளும்.

துடைத்தும் சரிவராவிட்டால் மாற்ற வேண்டும். இங்கேதான் ஐரோப்பியப் பெட்டி என்பதால் கவனம். தலையின் அளவு மூன்றரை இஞ்சி என்றால் அது பல கொம்பனிகள் ஒரே அளவில் செய்வது, ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை அதே இடத்தில் வைக்கலாம். ஆனால் உள்ளே பேசும் பாஷை மூன்று விதம். ஒன்று மேலே சொன்ன பல்ஸ். மற்றது சிசிடாக், போர்டும் தலையும் எண்களாகப் பேசிக்கொள்வது. இன்னொன்று எம்டிபி, குளிர்பான மெசின்களுக்கென்று வந்தது, 24 முதல் 34 வோல்ட் வரை டிசியில் ஓடுவது. வெளியே பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், சில வேளை பத்து முனை ரிப்பன் கொனெக்டரும் ஒன்றாகவே பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காக கரண்டைப் போட்டுவிடாதீர்கள். லேபலில் மொடல் எண்ணுக்குக் கீழே வோல்டும் இந்தப் பாஷையின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசியுங்கள்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. அமெரிக்காவில் செய்த பழைய வோஷ் பெட்டி ஒன்று கையில் வந்தது. லேபலில் 24 வோல்ட் என்று இருந்தது. நான் கடையில் இருந்த 24 வோல்ட் டிசி சாமானைக் கொண்டுபோய்ப் பூட்டினேன், புகை வந்தது. அந்த நாட்டு வோஷ் பெட்டிகளில் கட்டுப்பாட்டுக் கரண்ட் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமரில் இருந்து நேராக வரும் 24 வோல்ட் ஏசி, அதைக் கவனிக்காதது என் பிழை. லேபலில் வோல்டுக்குப் பக்கத்தில் நெளிந்த கோடு இருந்தால் ஏசி, நேர்க்கோடும் கீழே புள்ளிக்கோடும் என்றால் டிசி. அந்த நெளிந்த கோட்டைப் பார்க்காததால் அன்று கைக்காசு போனது. அந்தப் பெட்டியின் ட்ரான்ஸ்போமர் 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே ஸ்டெப்டவுன் போட்டு 50 ஹேர்ட்ஸில் ஓட்டினார்கள், கை வைக்க முடியாத சூடு. கடைசியில் அதைக் கழற்றிவிட்டு 230 இல் இருந்து 24 இறக்கும் உள்ளூர் ட்ரான்ஸ்போமர் சுற்றுவித்துப் போட்டோம்.

இன்னொரு சங்கதி, உங்கள் பெட்டியின் தலை யூரோ கொயினை அடையாளம் காணப் பழக்கியது. நீங்கள் இப்போது என்ன கொயின் போடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. நம் நாட்டில் புழக்கத்தில் பெரிய கொயினே 20 ரூபாய்தான். ஒரு கழுவலுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் வாடிக்கையாளர் 20 கொயின் போட வேண்டும், அதற்கு யாரும் வரப்போவதில்லை. போதாததற்கு பழைய ஐந்து ரூபாய் மஞ்சள், புதியது வெள்ளை, தலைக்கு அவை இரண்டு வேறு கொயின். அதனால் நான் யாருக்கும் சொல்வது டோக்கன். ஒப்பிட்டுப் பார்க்கும் வகைத் தலை ஒன்று வாங்குங்கள், அதன் பக்கத்தில் மாதிரி டோக்கன் ஒன்றைச் செருகி வைத்தால் அதேபோன்ற டோக்கனை மட்டும் எடுக்கும். பழக்கும் வேலையே இல்லை, விலையும் குறைவு, களவு எடுக்கவும் உள்ளே காசு இல்லை.

கொயினும் வேண்டும், டோக்கனும் வேண்டும் என்றால் சீனாவில் இருந்து வரும் பல கொயின் பழக்கும் தலை இருக்கிறது. சிஎச் 926 என்ற வகை ஆறு விதம் வரை எடுக்கும். அதைப் பழக்கும்போது திரையில் ஈ, எச், பி, எஃப் என்று எழுத்துகள் வரும். ஈ என்றால் எத்தனை விதம், எச் என்றால் ஒவ்வொன்றிலும் எத்தனை மாதிரி போடப் போகிறீர்கள், பி என்றால் அந்தக் கொயினுக்கு எத்தனை தட்டல், எஃப் என்றால் எவ்வளவு கண்டிப்பு. எஃப் எண் சிறிதானால் கண்டிப்பு கூடும், 8 அளவில் தொடங்குங்கள். மாதிரிக்கு ஒரே கொயினையே திருப்பித் திருப்பிப் போடாமல் பழசும் புதுசும் தேய்ந்ததுமாக 15, 20 கொயின் போடுங்கள். பின்பக்கம் இரண்டு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒன்று என்ஓ, என்சி (சும்மா நிற்கும்போது சிக்னல் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது), மற்றது தட்டலின் வேகம். புதுத் தலை பூட்டியும் நேரம் ஏறவில்லை, அல்லது கொயின் போடாமலே நேரம் ஏறுகிறது என்றால் பத்துக்கு ஏழு தடவை இந்த இரண்டு சுவிட்சில்தான் காரணம் இருக்கும். பழைய தலையில் எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள்.

உங்கள் பெட்டி சிசிடாக் அல்லது எம்டிபி என்றால் இந்த எளிய தலைகள் அதோடு பேசாது. அப்போது டைமர் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், விற்றவர்கள் சொன்னதில் அந்தளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காக முழுப் பெட்டி எதற்கு? ஒரு கொயின் டைமர் போர்ட், ஒரு தலை, ஒரு பவர் சப்ளை, இவ்வளவும் சேர்ந்து புதுப் பெட்டியின் விலையில் ஒரு மூலைக்கும் வராது. இரும்புப் பெட்டி, பட்டன், வால்வு, பம்ப் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

இனி இரண்டாவது பெட்டி, டிஸ்பிளே இல்லாதது. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே கம்பி மட்டும் மெல்லியதாக அறுந்திருந்தால் ஓவர்லோட், அல்லது வயசு. கண்ணாடி முழுக்கக் கறுத்திருந்தால் உள்ளே ஏதோ நேராக ஷோர்ட் ஆகியிருக்கிறது, இன்னொரு பியூஸ் போட்டால் அதுவும் போகும். பெரிய பியூஸோ கம்பித் துண்டோ போட்டு ஓட்டிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி விடுங்கள்.

மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு இந்த வேலை எனக்கு வரிசையில் வரும். பியூஸுக்குப் பக்கத்தில் நீலமோ செம்மஞ்சளோ நிறத்தில் வட்டப் பொட்டு மாதிரி ஒரு துண்டு இருக்கும், அதுதான் வேரிஸ்டர். மின்னலில் அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். வெடித்திருந்தால் மேலே உள்ள எண்ணில் 471 இருக்கிறதா பாருங்கள், 230 வோல்டுக்கு அதுதான் வழமை. மாற்றிவிட்டு, புதுப் பியூஸ் போட முன் ஒரு சாதாரண இழை பல்பைத் தொடரில் போட்டு ஓட்டுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷோர்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

பியூஸ் நல்லது, ஆனால் உயிரில்லை என்றால் பவர் சப்ளையின் வெளியீட்டை அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது 12 காட்டிவிட்டு ரிலே இழுத்தவுடன் 9க்கு விழுந்தால் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. திருத்தலாம்தான், ஆனால் நான் திருத்த மாட்டேன். 12 வோல்ட் 5 அம்பியர் பவர் சப்ளை காத்தான்குடியில் கெமரா பூட்டுகிற கடையிலும், எல்ஈடி பெயர்ப்பலகை செய்கிற எந்தக் கடையிலும் இருக்கும். பெயர்ப்பலகைக்காரர் வைத்திருக்கும் மழைக்குத் தாங்கும் அலுமினியக் கூடு உள்ளது உங்களுக்கு இன்னும் நல்லது. வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் அதே அல்லது கூட. இது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

அப்புறம் ரிலே. நேரம் முடிந்தும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது என்று பிறகு ஒரு நாள் வருவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். டைமர் போர்டில் இருக்கும் நீலச் சதுர ரிலே 10 அம்பியர். 3 குதிரைவலு சிங்கிள் பேஸ் பம்ப் ஓடும்போதே அதைத் தாண்டும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். அந்தச் சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிப்போகும், பிறகு நிற்காது. போர்டின் ரிலே ஒரு கொன்டக்டரின் (மோட்டாருக்கென்று வரும் பெரிய ரிலே) கொயிலை, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, மட்டும் இழுக்க வேண்டும், பம்பை கொன்டக்டர்தான் இழுக்க வேண்டும். கொன்டக்டர், மோட்டார் அதிகம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே இரண்டுக்கும் கொழும்பு போகத் தேவையில்லை. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் அரிசி மில் இருக்கும் ஊரில் அதற்குப் பழகிய எலக்ரீசியன் ஒருவர் இருப்பார், அவரிடம் எது நல்ல மால், எது பெட்டி மட்டும் மாற்றிய போலி என்று கேளுங்கள், கடைக்காரரை விட உண்மை சொல்வார். கொன்டக்டரின் கொயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் ஒன்றும் போடுங்கள், 0.1 மைக்ரோ பாரட்டும் 100 ஓமும் சேர்ந்த சின்னத் துண்டு. அது இல்லாமல் கொன்டக்டர் விடும் பொறியில் டைமர் தானாக ரீசெட் ஆகும், நீங்கள் போர்டைக் குறை சொல்வீர்கள்.

சவர்க்காரம், தண்ணீர், மெழுகு என்று மாற்றும் வால்வில் பழுது என்றால் குளிரூட்டி திருத்துகிற கடையில் கேளுங்கள். அநேகமாக வால்வு நல்லதாக இருக்கும், கொயில் மட்டும் எரிந்திருக்கும், கொயிலைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். வோல்டோடு நடு ஓட்டையின் விட்டத்தையும் அளந்து கொண்டு போங்கள். கழற்றிய ஏசி கொயிலுக்கு வெறும் கையில் வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், நடுவில் இரும்பு இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் எரிந்துவிடும்.

கொழும்பு போவதென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. பஞ்சிகாவத்தை வாகனப் பாட்ஸுக்குத்தான், அங்கே இந்த வேலைக்கு அலைய வேண்டாம். இரவு பஸ்ஸில் போய் காலையில் கடை திறக்கும்போது இறங்குவது நல்லது. போயா நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பல கடைகள் மூடியிருக்கும். பழுதான துண்டைக் கையில் கொண்டு போங்கள். வாயால் சொன்னால் சிரிப்பார்கள், சாமானை மேசையில் வைத்தால் உள்ளே இருந்து எடுத்து வருவார்கள். அங்கேயும் விளையாட்டு மெசின் கொயின் தலை இருக்கிறதா, தண்ணீர் மெசின் டைமர் இருக்கிறதா என்று கேளுங்கள், கார் வோஷ் என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம்.

சீனாவில் இருந்து ஓன்லைனில் எடுப்பதென்றால் இரண்டாக எடுங்கள், வர வாரக்கணக்கு ஆகும். ஒரே மொடல் எண்ணில் 12 வோல்டும் 24 வோல்டும் விற்பார்கள், படத்தில் ஒன்றுபோல இருக்கும். விற்பவருக்கு உங்கள் லேபல் படத்தை அனுப்பி, அதே கொனெக்டரோடு வருமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

லங்கா கியூஆர் ஒட்டினால் கொயின் தலையே தேவையில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். கடை மேசையில் ஒட்டுகிற சாதாரண ஸ்டிக்கர் காசை உங்கள் கணக்குக்குக் கொண்டுவரும், ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. காசு வந்ததைப் போனில் பார்த்துவிட்டு நீங்கள்தான் நேரம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பட்டனை அலுவலக அறையில் வைத்து, பல்ஸ் வகைப் பெட்டி என்றால் கொயின் சிக்னலுக்குச் சமாந்தரமாக இழுக்கலாம். நீளமான வயரை நேராக போர்டுக்குக் கொண்டு போகாதீர்கள், பம்ப் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் இலவசமாக நேரம் ஏறும். பெட்டிக்குள்ளே 12 வோல்ட் ரிலே ஒன்று வைத்து, பட்டன் அந்த ரிலேயை இழுக்கட்டும்.

வேலை முடிந்து மூடும்போது, கேபிள் வரும் ஓட்டைகள் எல்லாம் அடியில் இருக்க வேண்டும், மேலே ஒன்றும் கூடாது. கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் கிளாண்டில் ரப்பர் இல்லாவிட்டால் அது எறும்புக்கும் பல்லிக்கும் வாசல்தான். பல்லி பவர் சப்ளைக்குக் குறுக்கே கிடந்து செத்த பெட்டிகள் என் கணக்கில் மின்னலுக்கு அடுத்தபடி. போர்டின் சாலிடர்ப் பக்கம் காப்புப் பூச்சு ஒன்றைச் சீராக அடியுங்கள். கொனெக்டர் முனைகளையும் ரிலேயையும் ஒட்டுத்தாளால் மூடிவிட்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்றும்போது தொடர்பே இருக்காது.

இப்போதைக்கு எனக்கு மூன்று படம் அனுப்புங்கள்: முதல் பெட்டியின் கொயின் தலை லேபல், அதிலிருந்து வரும் கொனெக்டர் கிட்டத்தில், இரண்டாவது பெட்டியின் பியூஸ் பக்கம் கவரைத் திறந்து. எந்த வயரையும் கழற்ற முன் எடுங்கள். பல்ஸ் தலை என்றால் வாங்க வேண்டிய சாமானை நான் இரண்டு வரியில் சொல்லிவிடுவேன், சிசிடாக் என்றால் போனில் பேசுவோம்.